மாடிப்படி வரும் இடத்தில்

பிப்ரவரி 9

அன்புள்ள சுண்டு,

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் அண்ணன் செய்தால் மட்டும் எடுத்து, "நல்லா இருக்கேன், வச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதைக் கிழித்துப் போடலாம், ஆனால் கிழிப்பதற்கு முன்னால் ஒரு வரியாவது கண்ணில் படும். அந்த வரி இதுவாக இருக்கட்டும்: நான் பக்கத்தைப் புரட்டினேன்.

இத்தனை வருஷமாக நீ மேடையில் பியானோ வாசிக்கும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நோட்ஸ் புரட்டியவள் நான். இடதுகை கீழே இருந்து ஏறி ஏறி வருமே, நாம் மாடிப்படி என்று பேர் வைத்த இடம், அங்கே போன மாதக் கச்சேரியன்றைக்கும் எழுந்தேன், அன்றைக்கும் புரட்டினேன். நீதான் நின்றாய். கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அரங்கமே என்னைப் பார்த்தது. அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாய். பின்னாலேயே ஓடிவந்தவளிடம், அரங்க மேலாளர் முன்னால், டீ கொண்டுவந்தவர் முன்னால், "ஒரு பக்கம் புரட்டத் தெரியலை, நீங்கள்லாம் கார் ஓட்டத்தான் லாயக்கு" என்றாய்.

கார் ஓட்டுவது ஒன்றும் கேவலம் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துத்தான் நான் சாப்பிடுகிறேன். ஆனால் நோட்ஸ் படிக்க உனக்காகத்தான் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கோடும் புள்ளியும் எனக்கு எறும்பு ஊர்ந்த தாளாகத்தான் தெரிந்தது. நீதான் பக்கத்தில் உட்காரவைத்து, "அண்ணி, இது ஏறுது, இது இறங்குது, அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொடுத்தாய். அந்தச் சுண்டுவா இப்படிப் பேசினாள் என்று இன்னும் நம்ப முடியவில்லை.

உன்மேல் கோபித்துக்கொண்டு ஊரைவிட்டு வந்ததாக நினைக்காதே. உன் அண்ணனுக்கு மாற்றல் வந்தது, வந்தோம். கோபம் வேறு, மாற்றல் வேறு. இரண்டும் ஒரே மாதத்தில் வந்து தொலைத்தது, அவ்வளவுதான்.

இந்த ஊரில் காலையில் கடலிலிருந்து பனிமூட்டம் வந்து தெருவில் படுத்துக்கொள்கிறது. எதிரே வருகிற வண்டி முதலில் சத்தமாக வரும், அப்புறம் விளக்காக வரும், கடைசியில்தான் வண்டியாக வரும். வண்டி பழக வருகிறவர்கள் பயப்படுகிறார்கள். எனக்கு என்னவோ பிடித்திருக்கிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அண்ணி

*

பிப்ரவரி 20

அண்ணி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

நான் சொன்ன வார்த்தை தப்பு. டீக்காரர் முன்னால் சொன்னது அதைவிடத் தப்பு. ஆனால் பக்கம் விஷயத்தில் என்னால் மாற்றிச் சொல்ல முடியாது. நீங்கள் நேரத்துக்குப் புரட்டியிருந்தால் நான் ஏன் நிற்கப்போகிறேன்? வீட்டில் அந்த இடத்தில் ஒரு தடவைகூட நான் நின்றதில்லை. நீங்களும்தான் கூடவே இருந்தீர்களே. ஒன்று நீங்கள் தாமதமாக எழுந்தீர்கள், இல்லை எனக்குப் பைத்தியம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எதைத் தேர்ந்தெடுப்பேன் என்று நீங்களே சொல்லுங்கள்.

அரங்க மேலாளர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். மே மாதக் கடைசியில் அதே மேடை, அதே பாட்டு. "ஜனங்க மறக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை முழுசா வாசிச்சுக் காட்டிடுங்க. இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை" என்றார். நல்ல மனுஷர், தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார். அர்த்தம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு நடன வகுப்பில் குழந்தைகள் குதிக்கக் குதிக்க வாசிக்க வேண்டியதுதான். அதுவும் பிழைப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மேடையில் விளக்குப் போட்டதும் எனக்குள்ளே ஒன்று எழுந்து நிற்குமே, அது அங்கே எழாது. அது இல்லாமல் நான் எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

பக்கம் புரட்ட இனி ஆள் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் பலகை ஒன்று வாங்கிவிட்டேன். காலால் மிதித்தால் பக்கம் மாறுகிறது. அதற்குக் கோபம் வராது, கடிதமும் எழுதாது.

சுண்டு

*

மார்ச் 3

சுண்டு,

கடிதம் எழுதாத பலகைக்கு என் வாழ்த்துகள். அதற்கு ஜுரம் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள் என்று பார்க்கலாம்.

இங்கே என்னிடம் ஒருவர் வண்டி பழக வருகிறார். பேங்கில் கேஷியராக இருந்து ரிட்டயரானவர். சமமான ரோட்டில் ராஜா மாதிரி ஓட்டுவார். மேடு வந்தால் வண்டி அணைந்துவிடும், பின்னால் உருளும், மனுஷருக்கு வியர்த்துக் கொட்டும். "மேட்டுலயே பழகலாம் வாங்க" என்றால், "இன்னைக்கு ஒரு நாள் சமதளத்துலயே ஓட்டறேன் மேடம், மனசுக்குத் தெம்பா இருக்கும்" என்கிறார். தெம்பாகத்தான் இருக்கும். டெஸ்டில் மேடு வருமே, அங்கே அந்தத் தெம்பு வந்து வண்டியைத் தள்ளுமா?

அவரைப் பார்க்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். நீயும் தினமும் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாய். எங்கேயோ தடுக்கும். முகத்தைச் சுளித்துக்கொண்டு மறுபடி முதல் பக்கம். அது உனக்குத் தூக்கத்தில்கூட வரும், அதை எதற்கு இத்தனை தடவை? தடுக்கிற இடத்திலேயே போய் உட்கார். அதற்கு ஒரு வரி முன்னாலிருந்து ஆரம்பித்துப் பார், நடுவில் ஆரம்பித்துப் பார், கடைசியிலிருந்து பின்னால் பின்னால் வந்து பார். இதை அப்போதே சொல்லியிருப்பேன். புரட்டுகிறவள் வாயைத் திறக்கக் கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். இப்போது நான் புரட்டுகிறவள் இல்லையே!

இன்னொன்று. இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தாலே எங்கள் ஆட்களுக்குக் கால் நடுங்கும். அதனால் முதல் வாரத்திலிருந்தே பின்சீட்டில் யாரையாவது தெரியாதவரை ஏற்றிக்கொள்வேன். நீ கதவைச் சாத்திக்கொண்டு என்னை மட்டும் வைத்துக்கொண்டுதான் வாசிப்பாய். அப்புறம் திடீரென்று அத்தனை பேர் முன்னால் போய் உட்கார்ந்தால் கை என்ன செய்யும் பாவம்.

இது உபதேசம் இல்லை. வம்பு.

அண்ணி

*

மார்ச் 19

அண்ணி,

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் உங்களிடமே சொல்கிறேன்.

பலகையை வைத்து வாசித்தேன். மாடிப்படி வந்தது. மிதித்தேன், பக்கம் மாறியது, நோட்ஸ் கண்ணெதிரே பளிச்சென்று இருந்தது. கை நின்றுவிட்டது. மறுபடி வாசித்தேன், நின்றது. பலகையைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு மனப்பாடமாக வாசித்தேன். அப்போதும் நின்றது. நீங்கள் எழுதியதுபோல நடுவில் ஆரம்பித்தால் தடையே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. கீழே இருந்து ஏறி வந்தால் மட்டும் அந்தப் படியில் ஏதோ குறைகிறது. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு எதற்கோ காத்திருக்கிறேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

டாக்டரிடம் போனேன். கையை மடக்கி நீட்டி, ஊசியால் குத்தி எல்லாம் பார்த்துவிட்டு, "நரம்பெல்லாம் நல்லா இருக்கு, தூங்குங்க" என்றார். தூங்கினால் கனவு வருகிறது. ஒரு பெரிய வீடு, அதன் மாடிப்படி முழுவதும் பியானோக் கட்டைகள். வெறுங்காலோடு ஏறுகிறேன். ஒவ்வொரு படியும் மெதுவாக ஒலிக்கிறது. ஜன்னல் வழியே பஞ்சு மாதிரி வெளிச்சம் உள்ளே வருகிறது. திடீரென்று ஒரு படி இல்லை. அந்தப் பக்கம் யாரோ நிற்கிறார்கள், சேலையின் ஓரம் தெரிகிறது. ஏதாவது சொல்வார்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன். சொல்லமாட்டேன் என்கிறார்கள். நேற்று மதியம் இதே கனவில் விழித்தபோது, என் விரல்கள் போர்வையின் மேல் வாசித்துக்கொண்டிருந்தன. போர்வையிலும் அந்த இடத்தில் நின்றன.

அன்றைக்கு நீங்கள் புரட்டினீர்களோ என்னவோ அண்ணி. எனக்கு எதுவுமே நிச்சயமாகத் தெரியவில்லை.

சுண்டு

*

மார்ச் 28

என் சுண்டுவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் காட்டவில்லை. காட்டினால் லீவு போட்டுவிட்டு அங்கே வந்து நின்று, இரண்டு பேருமாகச் சேர்ந்து அழுவீர்கள். உன் கைக்கு ஒன்றும் ஆகாது. சின்ன வயதில் சுண்டுவிரல் மட்டும் கட்டைக்கு எட்டாமல் அழுவாய் என்றுதானே அவர் உனக்கு அந்தப் பெயரே வைத்தார். எட்டாத விரலையே எட்டவைத்தவள் நீ. இதையும் கடந்துவிடுவாய்.

உன்னைச் சிரிக்கவைக்க ஒன்று சொல்கிறேன். நாம் வீட்டில் வாசித்துப் பார்த்தபோது என் போனில் ஒரு நாள் பதிவு செய்தேனே, ஞாபகம் இருக்கிறதா? உன்னோடு சண்டை போட்டாலும் அதை மட்டும் அழிக்கவில்லை. ஆள் வருவதற்காகக் காத்திருக்கும்போது காரிலேயே போட்டுக் கேட்பேன். பனிமூட்டத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உன் வாசிப்பைக் கேட்டால், கார் நிற்கிறதா மிதக்கிறதா என்றே தெரியாது. முந்தாநாள் கேஷியர் சீக்கிரம் வந்துவிட்டார். நான் பாட்டை அணைக்கப் போனேன். "இருக்கட்டும் மேடம், நல்லா இருக்கு" என்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடுக்கென்று விழித்து, "மேடம், பாட்டுக்குள்ள யாரோ மூக்கை உறிஞ்சறாங்க" என்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்றேன். மனுஷர் விடவில்லை. பணம் எண்ணியே பழகியவர், ஒன்று குறைந்தாலும் கூடினாலும் தூங்கமாட்டார் போலிருக்கிறது. திருப்பிப் போடச் சொன்னார். போட்டேன். மாடிப்படி வருகிறது, வருகிறது, சர்ரென்று ஒரு மூச்சு! "கேட்டுச்சா? இப்ப நீங்களும் உறிஞ்சினீங்க மேடம், ரெண்டும் ஒண்ணாக் கேட்டுது" என்றார்.

எனக்கு மானம் போய்விட்டது. எழுந்திருக்கும்போது தாள் சலசலக்கக் கூடாதே என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான். அது பழக்கமாகிவிட்டதுபோல. உன் அண்ணனிடம் சொன்னால் அவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "வீட்ல எல்லாருக்கும் தெரியும். அவ வாசிப்பா, நீ உறிஞ்சுவ. இத்தனை வருஷமா அப்படித்தானே" என்கிறார்.

இத்தனை வருஷமாக உன் காதுக்குப் பக்கத்தில் உறிஞ்சியிருக்கிறேன். ஒரு நாளாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணி,

ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு மேடையில் மூச்சை இழுத்தீர்களா?

நன்றாக யோசித்து உடனே எழுதுங்கள். போன் வேண்டாம். போனில் கேட்டால் அழுதுவிடுவேன்.

சுண்டு

*

ஏப்ரல் 7

சுண்டு,

இழுக்கவில்லை.

அன்றைக்கு எனக்குச் சரியான சளி. காலையிலிருந்தே தும்மல். உன்னிடம் சொன்னால் பதறிப்போவாய் என்று மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மாடிப்படி நெருங்கும்போது பாழாய்ப்போன தும்மல் வருகிற மாதிரி இருந்தது. மேடையில் தும்மினால் என்ன ஆகும்! ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் முழுவதும் மூச்சே விடவில்லை. இன்னொரு கையால் புரட்டினேன். தும்மலையும் அடக்கிவிட்டேன், பக்கத்தையும் புரட்டிவிட்டேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட. அப்புறம்தான் நீ நின்றாய்.

நீ எதற்குக் கேட்டாய் என்று இதை எழுதும்போதுதான் எனக்குப் புரிகிறது. அடிப் பெண்ணே!

அண்ணி

*

ஏப்ரல் 13

அண்ணி,

நீங்கள் புரட்டினீர்கள். நேரத்துக்குப் புரட்டினீர்கள். நான் உங்களை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்ன வாயை என்ன செய்வது? என்னை மன்னித்துவிடுங்கள். டீக்காரரைப் போய்ப் பார்த்து அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "எந்த அம்மா? எந்தப் பக்கம்?" என்று விழித்தார். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

உங்கள் கேஷியர் கதையைப் படித்ததும் போய் பியானோவில் உட்கார்ந்தேன். கீழே இருந்து ஏறினேன். அந்தப் படி வந்ததும் நானே மூக்கால் சர்ரென்று இழுத்தேன். கை ஏறிப் போய்விட்டது! உட்கார்ந்தபடியே சிரித்தேன், அப்புறம் அழுதேன். என் கை உங்கள் மூச்சையும் பாட்டு என்றே நினைத்துப் பாடம் பண்ணியிருக்கிறது. பாட்டை எழுதியவர் போடாத சுரம் ஒன்றை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அந்த இடத்தில் வைத்திருக்கிறோம். அது வந்தால்தான் அடுத்த படி. கனவில் நின்றது நீங்கள்தான் அண்ணி. நான் உங்களிடமிருந்து கேட்க நின்றது ஒரு மூச்சு.

இப்படி ஒரு தப்பு உலகத்தில் வேறு யாருக்காவது வருமா? வீட்டில் நன்றாக வாசித்ததெல்லாம் என் வாசிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாதி உங்களுடையது.

சுண்டு

*

ஏப்ரல் 19

சுண்டுக்குட்டி,

மன்னிப்பெல்லாம் ஆயிற்று. அதோடு விடு. எனக்கும் அன்றைக்கு உள்ளே வந்து உன்னை நாலு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது. விடவில்லை, அதனால் கணக்குச் சரி.

இப்போது வேலை சுலபமாகிவிட்டதே. மே மாதம் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். மூச்சு என்ன காசா பணமா? நன்றாக இழுத்து விடுகிறேன், நீ பாட்டுக்கு ஏறிப் போ. சளி பிடிக்காமல் இருக்க இப்போதிலிருந்தே வெந்நீர் குடிக்கிறேன்.

உன் அண்ணன் வேறு யோசனை சொல்கிறார். என் மூச்சை மட்டும் பதிவு செய்து பலகையில் போட்டுவிட வேண்டுமாம். "காலால் மிதிச்சா பக்கமும் மாறும், நீயும் உறிஞ்சுவ" என்கிறார். இவரை வைத்துக்கொண்டு நான் படும் பாடு.

டிக்கெட் எடுக்கட்டுமா?

அண்ணி

*

ஏப்ரல் 30

அண்ணி,

எடுக்காதீர்கள்.

கோபத்தில் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னொரு நாள் சளி பிடிக்கும். இன்னொரு நாள் உங்களுக்கு வேறு வேலை இருக்கும். ஒருவர் மூச்சை நம்பி ஏறுகிற படியில் எத்தனை நாள் ஏறுவது? அந்த இடம் என்னிடமே இருக்க வேண்டும். இதை எழுதும்போது உங்கள் முகம் வாடுவது தெரிகிறது. வாடாதீர்கள். நீங்கள் சொன்ன வழியில்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.

முதல் பக்கத்தை மறந்தேவிட்டேன். காலையில் நேராக மாடிப்படிக்குப் போகிறேன். எவ்வளவு மெதுவாக என்றால், கீழ்வீட்டுத் தையல்காரம்மா பியானோவை ரிப்பேர் செய்கிறார்கள் என்று நினைத்தாராம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழலாம். மெதுவாகப் போகும்போதுதான் கை எங்கே பயப்படுகிறது என்று தெரிகிறது. சரியாக வந்ததும் கையை எடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்கிறேன். முன்பெல்லாம் விரல் மரத்துப்போகும்வரை விடமாட்டேன். இப்போது கொஞ்சம் வாசிக்கிறேன், அப்புறம் கண்ணை மூடி உள்ளுக்குள்ளே வாசிக்கிறேன். பஸ்ஸில் போகும்போது மடியில் வாசிக்கிறேன். சத்தமே இல்லாத பியானோ எத்தனை அழகு தெரியுமா அண்ணி? மதியத்தில் திரைச்சீலை உள்ளே வந்து வந்து போகும். கட்டையைத் தொடாமல் முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு எழுந்திருப்பேன். விளக்கு வைக்கும் நேரமாகியிருக்கும். நான் வாசித்தேனா கனவு கண்டேனா என்று எனக்கே தெரியாது.

மேடைச் சேலையும் செருப்பும் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க வாங்க, இதயம் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, ஓடிவந்து உட்கார்ந்து வாசித்துப் பழகுகிறேன். மேடையிலும் அது அப்படித்தானே அடிக்கும். பின்சீட்டில் ஆள் ஏற்றச் சொன்னீர்கள் இல்லையா, தையல்காரம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். எங்கே வேண்டுமானாலும் எதையாவது கீழே போடுங்கள் என்றேன். "நான் எதுக்குமா போடணும்?" என்று கூச்சப்பட்டவர், இப்போது கத்திரிக்கோல் டப்பாவோடு வருகிறார். நான் மெய்மறந்திருக்கும் நேரம் பார்த்து தடால் என்று போடுவார். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் நின்றேன். இப்போது டப்பா உருளும், நான் போய்க்கொண்டே இருப்பேன். தப்பு சுரம் விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அம்மாவுக்குத்தான் ஏமாற்றம்.

இன்னும் அந்தப் படியில் ஒரு தயக்கம் இருக்கிறது, மயிரிழை அளவு. நாலு தடவையில் ஒரு தடவை வருகிறது. மே மாதம் எந்தத் தடவையாக இருக்குமோ தெரியாது. அதுதான் பயம்.

நீங்கள் அரங்கத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் என் காது பாட்டை விட்டுவிட்டு உங்களைத் தேடும். அதனால் பக்கத்தில் மட்டும் இல்லை, கூட்டத்திலும் வேண்டாம். வரமாட்டேன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சுண்டு

*

மே 8

சுண்டு,

வரமாட்டேன்.

கேஷியர் டெஸ்டில் பாஸாகிவிட்டார். மேட்டில் வண்டி அணைந்ததாம். "அணைஞ்சதும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "கால் நடுங்குச்சு மேடம். முன்னாடியெல்லாம் நடுக்கத்தை நிறுத்தப் பார்ப்பேன். நேத்து நடுங்கட்டும்னு விட்டுட்டேன். அது பாட்டுக்கு நடுங்குச்சு, நான் பாட்டுக்கு மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஓட்டிட்டேன்" என்றார். உனக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நானும் ஒரு கனவு கண்டேன். பக்கம் புரட்டுகிறேன், தாள் முடியவே இல்லை. புரட்டப் புரட்ட அது விரிப்பு மாதிரி நீண்டு தெருவெல்லாம் போய் பனிமூட்டத்துக்குள் நுழைகிறது. நீ அந்தக் கோடியில் எங்கேயோ வாசிக்கிறாய். எழுந்தபோது வெறுங்கையாக இருந்தது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் நீ சொன்னது சரி.

அண்ணி

*

மே 30

அண்ணி,

முடிந்தது. முழுசாக வாசித்துவிட்டேன்!

போனில் சொல்லியிருக்கலாம். நேற்று அண்ணன் பேசியபோது "ஆச்சு, நல்லபடியா ஆச்சு" என்று மட்டும் சொன்னேன். உங்களுக்கு எழுத வேண்டும் என்று மீதியை வைத்துக்கொண்டேன்.

விளக்கைப் போட்டதும் கை ஜில்லென்று ஆகிவிட்டது. கால் பெடலின்மேல் தந்தியடித்தது. உங்கள் கேஷியரை நினைத்துக்கொண்டேன். நடுங்கு, நடுங்கிக்கொள் என்று விட்டுவிட்டேன். நோட்ஸும் இல்லை, பலகையும் இல்லை. பக்கத்து நாற்காலியையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். முதல் பாகம் எப்படிப் போனது என்று ஞாபகமே இல்லை. ஒரு இடத்தில் தப்பு சுரம் விழுந்தது, கூட்டத்தில் யாரும் செத்துப்போகவில்லை. இரண்டாம் பாகத்தில் அரங்கம் எங்கேயோ தூரமாகப் போய்விட்டது. நான் மதிய நேரத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், திரைச்சீலை அசைந்துகொண்டிருந்தது.

மாடிப்படி வந்தது. இடதுகை கீழே இருந்து ஏற ஆரம்பித்தது. அந்தப் படிக்கு இரண்டு படி கீழே இருக்கும்போது, கடைசி வரிசையில் எந்தப் புண்ணியவதியோ குடையைக் கீழே போட்டாள். தடால்! அது வேறு உருண்டுகொண்டே வந்தது. கூட்டமே திரும்பிப் பார்த்தது. என் கை திரும்பவில்லை அண்ணி. தையல்காரம்மா போட்ட டப்பாவுக்கு இந்தக் குடை எம்மாத்திரம்!

அப்புறம் அந்தப் படி. அரங்கத்தில் அப்படி ஒரு நிசப்தம், ஒருவர்கூட மூச்சுவிடாத மாதிரி. அந்த மயிரிழைத் தயக்கம் வருகிறது என்று தெரிந்தது. வந்தேவிட்டது. அப்போது என் நெஞ்சு தானாக நிறைந்தது. நான் இழுக்கவேண்டும் என்று நினைக்கவே இல்லை. மேடையில் இத்தனை வருஷமாக நான் மூச்சை அடக்கிக்கொண்டேதான் வாசித்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கும் சேர்த்து நீங்கள்தான் விட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். நேற்று முதல் தடவையாக நானே விட்டேன். கை ஏறிவிட்டது. அதற்கு மேலே எல்லாம் வெளிச்சம்.

மேலாளர் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷத்துக்கு இரண்டு கச்சேரி கொடுத்திருக்கிறார். "கடைசி வரிசையில குடை விழுந்ததுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார். அந்தக் குடைக்காரியைக் கண்டுபிடித்து நான்தான் நன்றி சொல்லவேண்டும் என்றேன். சிரித்தார்.

வரவேண்டாம் என்று சொன்னேன், நீங்களும் வரவில்லை. எழுந்து வணங்கியபோது வழக்கம்போல இடது பக்கம் திரும்பிவிட்டேன். நாற்காலிகூட இல்லை. சொன்னதைக் கேட்டதற்காக உங்கள்மேல் கொஞ்சம் கோபம் வந்தது. என் நியாயம் எப்போதும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியாதா?

உங்கள் சுண்டு

*

ஜூன் 4

சுண்டு,

நன்றியைச் சீக்கிரம் சொல். அந்தப் புண்ணியவதி நான்தான்.

வரமாட்டேன் என்று எழுதினேன், எழுதினது உண்மை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, அதுவும் உண்மை. உன் அண்ணனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியாதவர்போல அவர் உனக்குப் போன் செய்ததும் உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்துதான். முக்காடு போட்டுக்கொண்டு கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். மடியில் குடை.

மாடிப்படி வந்தது. எனக்கு உடம்பெல்லாம் எழுந்திருக்கத் தயாராகிவிட்டது, மூச்சு மூக்கு வரைக்கும் வந்துவிட்டது. இழுத்தால் உனக்குக் கேட்டுவிடும் என்று பயந்துபோனேன். அத்தனை தூரம் எப்படிக் கேட்கும் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டேன். இரண்டு கையும் மேலே போனதும் குடை கீழே போய்விட்டது. உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பிடிக்கக் கை இல்லை. உன் அண்ணன், "என்ன, மூச்சு முட்டுதா?" என்று பதறுகிறார். பேசாதீர்கள் என்று கண்ணாலேயே அதட்டினேன்.

அப்புறம் கேட்டது சுண்டு. மேடையிலிருந்து, கடைசி வரிசை வரைக்கும், உன் மூச்சு.

அதைக் கேட்டபிறகுதான் நான் என் கையை எடுத்தேன்.

அண்ணி